ஒரு முழம் தள்ளி நட்ட குச்சி

மாலை ஐந்தே முக்கால். அப்பா உயிரோடிருந்தவரை, எல்லாம் அதிகாலை மூன்று பத்துக்குத் தொடங்கியது என்றே சொல்லிவந்தார். ரயில்வேக்காரர். நேரத்தைப் பற்றி அவர் ஒன்று சொன்னால் வீட்டில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. நானும் பேசியதில்லை. ஆனால் ஐந்தே முக்காலுக்குத்தான் கொள்ளிடம் பாலத்தில் சாயங்கால வண்டி போகும் சத்தம் தூரத்தில் கேட்டது. அப்பா கடிகாரத்தைப் பார்த்து, அஞ்சு நிமிஷம் லேட் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்த நேரத்தில் என் கையில் ஒரு மூங்கில் குச்சி இருந்தது. அது ஆற்றோரத்து மண்ணில் நட்டு இருந்திருக்க வேண்டிய குச்சி.

இதைப் படிக்கப்போகிறவர்களில் பலர் என் வயதுக்காரர்கள். ஐம்பதுகளில் திருச்சியில் பள்ளிக்கூடம் போனவர்கள். மார்கழியில் கொள்ளிடத்தில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள். போன வாரம் கல்லூரித் தோழிகளோடு ஓர் ஏரிக்குப் போனாள். பறவைகளைக் கணக்கெடுக்க, படகில் சுற்றி, ஓர் இரவு கூடாரத்தில் தங்கி வரும் ஏற்பாடு. காலை எட்டு மணிக்குள் வீட்டில் இருப்பேன் என்றாள். வந்தது பதினொன்றுக்கு. பஸ் பஞ்சர் என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். அந்த மூன்று மணி நேரமும் நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். இன்றோடு நான்கு நாளாகிறது.  தண்ணீர் என்றால் மட்டும் உனக்கு ஏன் இப்படி ஆகிறது என்று அவள் கேட்டாள். அவளுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஏழு. பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஸ்ரீரங்கத்தில் அறை எடுத்துத் தங்கி, ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தார். கல்யாணம் ஆகாதவர். எந்நேரமும் சட்டைப் பையில் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கும். கொள்ளிடத்தில் எத்தனை வகைப் பறவை இறங்குகிறது என்று பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தார். அரையாண்டு விடுமுறையில், முக்கொம்பிலிருந்து பரிசலில் கிளம்பி, நடுவில் ஒரு திட்டில் இரவு தங்கி, மறுநாள் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் ஏறுவது என்று திட்டம் போட்டார். அப்பாவும் வருகிறேன் என்றார். தம்பியைக் கூட்டிப்போவது என்று ஆனது. நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து இடம் பிடித்தேன்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு ராத்திரி ஆற்றில் என்ன வேலை என்று கேட்டாள். எனக்குக் கார்த்திகை முழுக்கக் காய்ச்சல் இருந்திருந்தது. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கிளம்பும்போது, புதிதாகத் தைத்த அரக்குச் சீட்டிப் பாவாடையை என் இடுப்பில் இறுக்கிக் கட்டிவிட்டுச் சொன்னாள்:

"இது நனைஞ்சு வந்துதுன்னா, இனிமே வாசப்படி தாண்ட விடமாட்டேன். பாத்துக்க."

அம்மா சொன்னால் செய்வாள்.

அப்பாவின் எச்சரிக்கை வேறு மாதிரி. காலைப் பத்திரிகையில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் தினமும் வரும். ஊரில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றச் செய்திகளுக்குப் போவார்கள். அப்பாவும் அப்படித்தான். மேட்டூர் மட்டம் தெரியாமல் அத்தானுக்குக் காபி இறங்காது என்று மாமா கேலி செய்வார். கிளம்பிய அன்று அப்பா பத்திரிகையை மடித்துக் கையோடு எடுத்துக்கொண்டார். அணை நிரம்பவில்லை, உபரி நீர் எதுவும் வரப்போவதில்லை என்று பஸ்ஸில் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பரிசல்காரர் முக்கொம்பில் கரையில் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். குள்ளமாக, தோள் மட்டும் அகலமாக இருந்தார். மாமாவின் கல்லூரியிலிருந்து பூச்சி பிடிக்கவும் மீன் பிடிக்கவும் வருகிறவர்களை வருடா வருடம் அவர்தான் ஏற்றிப் போவார். பரிசலின் அடியில் பூசிய தார் வெயிலில் இளகி மணந்தது. அப்பா ஏறுவதற்கு முன், அவர் மேற்குப் பக்கம் பார்த்து, மூணு நாளா அங்க கருக்கலாவே இருக்கு என்றார். அப்பா பத்திரிகையை விரித்துக் காட்டினார்.

"மேட்டூரு சரிதாங்க. இந்த ஆத்துல அமராவதித் தண்ணியும் வருதுல்ல?" என்றார் பரிசல்காரர்.

அமராவதி எல்லாம் ஒரு ஆறா என்று மாமா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். படித்தவர்கள் இருவர் சிரித்ததும் பரிசல்காரர் அதை விட்டுவிட்டார். துடுப்பை எடுத்துக்கொண்டே, எதுக்கும் ராத்திரி ஒரு குச்சி நட்டுக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பகல் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. பரிசல் நேராகப் போகாது, சுழன்று சுழன்று போகும். அதனால் எதையும் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் தானாக நம் முன்னால் வந்து போகும். நாணல் காடு, மணல், தென்னை வரிசை, மறுபடியும் நாணல். நத்தைகுத்தி நாரைகள் முழங்கால் தண்ணீரில் நின்று நத்தை ஓட்டை உடைத்துக்கொண்டிருந்தன. பரிசல் பத்தடி பக்கத்தில் வந்த பிறகும் நகரவில்லை. பட்டுப்போன ஒரு மரம் முழுக்க நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்திருந்தன. துணி உலர்த்தியிருக்கு என்று தம்பி சொன்னான். மாமா நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். கல்லூரியிலிருந்து கடன் வாங்கி வந்த பைனாகுலரை எங்கள் கையில் கொடுக்கவே இல்லை.

மதியத்துக்குப் பிறகு நீர்நாய்களைப் பார்த்தோம். ஏழு. ஒரு மடுவில் தலையை மட்டும் நீட்டி எங்களைப் பார்த்துச் சீறின. ஒன்று மீனை இரண்டு கையாலும் பிடித்து, தலையிலிருந்து தின்றது. வாழைப்பழம் தின்பது போலத்தான் இருந்தது. பரிசல்காரர் துடுப்பைத் தூக்கிப் பிடித்து, சத்தமில்லாமல் பரிசலை மிதக்க விட்டார். அப்பா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகாத அப்பாவின் முகத்தை நான் பார்த்தது மிகக் குறைவு. அன்று பார்த்தேன்.

திட்டுக்கு நான்கரை மணிக்கு வந்துசேர்ந்தோம். எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் பாதி இருக்கும். நடுவில் மேடாக, ஒரு கருவேல மரமும் கொஞ்சம் புல்லும். சுற்றிலும் நாணல். ஒரு பக்கம் மட்டும் சரிவாக மணல் தண்ணீருக்குள் இறங்கியது. பரிசல்காரர் பரிசலை அந்தச் சரிவில் ஏற்றி வைத்தார். பிறகு இடுப்பளவு மூங்கில் குச்சி ஒன்றை, தண்ணீர் வந்து தொடும் விளிம்பிலேயே பார்த்து நட்டார். தம்பி எதற்கு என்று கேட்டான். தண்ணீர் குச்சியைத் தாண்டி வந்தால் ஏறுகிறது, குச்சியை விட்டு விலகினால் வடிகிறது; ஆற்றில் படுக்கிறவனுக்கு அதுதான் கடிகாரம் என்றார். அப்பா தன் கடிகாரத்தைக் காட்டி, இதை விடவா என்றார்.

அதன் பிறகு ஆளுக்கொரு வேலை. மாமா மரத்தடியில் தார்ப்பாய் கட்டினார். பரிசல்காரர் சோற்றுக்கு ஓர் அடுப்பு மூட்டினார். கொசுவுக்காக நாணல் மறைவில் ஈர வைக்கோலும் சருகும் போட்டு இன்னொரு நெருப்பு. நான் மணலில் நீர்நாய்த் தடம் இருக்கிறதா என்று தேடி விளிம்போடு நடந்தேன். குச்சிக்குப் பக்கத்தில் மணல் மாதிரித் தெரிந்தது மணல் இல்லை, வண்டல். ஒரு கால் முழங்கால் வரை போயிற்று. எடுக்கப் பார்த்தால் அடுத்த காலும் போயிற்று. கைக்கு எட்டியது குச்சிதான். அதைப் பிடித்து இழுத்தேன். நானும் வெளியே வந்தேன், குச்சியும் கையோடு வந்துவிட்டது. அப்போதுதான் பாலத்தில் வண்டி போயிற்று.

எனக்குக் குச்சி நினைப்பே இல்லை. பாவாடை முழங்கால் வரை சேறும் தண்ணீரும். அம்மா கட்டிய முடிச்சு மட்டும்தான் காய்ந்திருந்தது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அலசி, போர்வையைச் சுற்றிக்கொண்டு, கொசு நெருப்புக்குப் போய், அந்தக் குச்சியிலேயே பாவாடையை மாட்டிப் புகைக்கு மேலே நீட்டிப் பிடித்தேன். அரைமணிக்கு மேல் பிடித்திருப்பேன். கை வலித்துச் சற்றுத் தாழ்ந்தபோது குச்சியின் நுனி தீய்ந்தது. பாவாடையின் கீழ்க்கரையிலும் ஓரணா அளவுக்குக் கருகிவிட்டது. குளிருதா என்று அப்பா தூரத்திலிருந்து கேட்டார். ஆமாம் என்றேன்.

இருட்டுவதற்குள் குச்சியைத் திரும்ப நட்டுவிட வேண்டும் என்று போனேன். அது இருந்த குழியைத் தேடினேன். என் கால் புதைந்த இடம் அவ்வளவு பெரிய பள்ளம், அதையும் காணவில்லை. இடம் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீரை ஒட்டி நட்டால் மறுபடி புதைந்துவிடுவேனோ என்ற பயம். அதனால் ஒரு முழம் தள்ளி, காய்ந்த மணலில் நட்டேன். நேராக நிற்கிறதா என்று பார்த்தேன். நேராகத்தான் நின்றது.

குழி எங்கும் போய்விடவில்லை. தண்ணீர் அதற்குள் அதை மூடியிருந்தது. ஆறு ஏறத் தொடங்கியிருந்ததற்கு அன்று மாலை அந்தத் திட்டில் இருந்த ஒரே அடையாளம் அது. அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அந்தி சாயும்போது வக்கா எனும் இராக்கொக்குகள் கிளம்பின. தலைக்கு மேலே ஒவ்வொன்றாகக் கத்திக்கொண்டு போவதை மாமா விரல் மடக்கி எண்ணினார். பிறகு இருட்டு. சோறும், பரிசல்காரர் சுட்டுக்கொடுத்த கெண்டையும், அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாயும். அக்கரையில் நரிகள் ஊளையிட்டன. தம்பி அப்பாவின் மடியில் தூங்கிவிட்டான்.

ஒன்பது மணி இருக்கும். பரிசல்காரர் ஹரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். விளிம்பில் நட்ட குச்சி இப்போது தண்ணீரை விட்டு ஒரு சாண் ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறார். வந்து அப்பாவிடம் சொன்னார்:

"தண்ணி வடியுதுங்க. பேப்பர்ல போட்டது சரியாத்தான் இருக்கு. நிம்மதியாப் படுங்க."

நான் போர்வைக்குள் விழித்துத்தான் இருந்தேன். சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் குச்சியைச் சொன்னால் சேற்றைச் சொல்ல வேண்டும். சேற்றைச் சொன்னால் பாவாடை. பாவாடை என்றால் அம்மா. ஆற்றைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பெரியவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

மூன்று பத்துக்கு எழுப்பியது அப்பா. தண்ணீர் சத்தம் அவரை எழுப்பவில்லை, ரயில் எழுப்பியது. பாலத்தில் ஒரு கூட்ஸ் வண்டி ஊர்ந்து போயிருக்கிறது. பாலத்துத் தூணில் போட்டிருக்கும் வெள்ளக் குறியைத் தண்ணீர் தொட்டால்தான் அப்படி மெதுவாக விடுவார்கள் என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். டார்ச்சை அடித்தார். சரிவைக் காணோம். குச்சி முழங்கால் தண்ணீரில் நின்றது. பரிசல் இல்லை.

தண்ணீர் கலங்கி, பழுப்பு நிறத்தில், நுரையும் வேரும் முறிந்த வாழைமரமுமாகப் போய்க்கொண்டிருந்தது. அமராவதித் தண்ணீர் என்று மறுநாள் பத்திரிகையில் போட்டிருந்தது. பரிசல்காரர் ஓடிப்போய் குச்சியைப் பார்த்தார். இரண்டு பக்கமும் காலால் துழாவினார். அவருக்குப் புரியவில்லை. அப்பா குச்சியைப் பிடுங்கி, அதைக் கொண்டு எங்கெங்கே ஆழம் என்று பார்த்து வந்தார். மேடு வரைக்கும் இன்னும் பத்துப் பன்னிரண்டு அடிதான் மிச்சம்.

பரிசல்காரர் குடிதண்ணீர்ப் பானையைக் கவிழ்த்துக் காலி செய்தார். அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நீந்திப் போய் வேறு பரிசல் கொண்டுவருகிறேன் என்றார். இந்த இருட்டில் வேண்டாம், விடிந்ததும் போகலாம் என்று அப்பா தடுத்தார்.

"விடியறப்ப திட்டு இருக்குமான்னு சொல்ல முடியாதுங்க. புல்லு வரைக்கும் வந்தா பிள்ளைங்களை மரத்துல ஏத்திடுங்க. முள்ளப் பாக்காதீங்க."

அவ்வளவுதான் சொன்னார். டார்ச் வெளிச்சத்தில் பானை கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

விடியும்வரை மாமா பேசிக்கொண்டே இருந்தார். பயத்தில் பேசுகிறார் என்று இப்போது தெரிகிறது. குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பரிசல்காரன் தூங்குவதற்கு வசதியாக மேலே தள்ளி நட்டிருக்கிறான், இப்போது தான் தப்பித்தால் போதும் என்று ஓடியும்விட்டான் என்றார். அப்பா டார்ச்சை அடித்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா இதைத்தான் பிறகு கல்லூரியிலும் சொன்னார். அடுத்த வருடத்திலிருந்து கல்லூரிக்காரர்கள் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். முக்கொம்பில் மற்றவர்களும் அவர் பரிசலில் ஏறத் தயங்கினார்கள் என்றும், அவர் மணல் வண்டி ஓட்டப் போய்விட்டார் என்றும் எப்போதோ வீட்டில் பேச்சு வந்தது. ஆற்றை அறிந்தவன் என்ற பெயர் ஒன்றுதான் அவரிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டது யார் என்று எனக்குத் தெரியும். மாமா இறந்தார்; அப்பாவும் இறந்தார். நான் சொல்லவில்லை.

வெளிச்சம் வந்தபோது திட்டு ஓர் அறை அளவுக்குச் சுருங்கியிருந்தது. நாங்கள் மட்டும் இல்லை. புல்லில் ஒரு முயல். மரத்தின் கீழ்க்கிளையில் இரண்டு பாம்புகள், எங்களைக் கண்டுகொள்ளாமல். எதிர்மூலையில் ஒரு நரி, நனைந்து எலும்பும் தோலுமாக உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த முயலை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமா பழக்கத்தில் சட்டைப் பையில் கையை விட்டார். நீல நோட்டு அங்கே இல்லை. பைனாகுலரோடு அதையும் பரிசலில் வைத்திருந்தார். அம்மா கொடுத்தனுப்பிய பித்தளைத் தூக்கும் அதில்தான் இருந்தது.

தம்பியை அப்பா மரக்கவட்டில் தன் துண்டால் கட்டி உட்காரவைத்தார். என்னைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார். முள் கிழித்து அவர் முழங்கையிலிருந்து ரத்தம் வடிந்தது. தண்ணீர் புல்லைத் தொட்டது. அப்பாவின் கால் விரலைத் தொட்டது. வெயில் சுடத் தொடங்கிய பிறகு அதற்கு மேலே ஏறவில்லை. அப்பா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். ஆழம் பார்த்தபோது தண்ணீர் புகுந்து நின்றுபோயிருந்த கடிகாரம் அது.

எவ்வளவு நேரம் என்று அதனால் தெரியாது. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. மேற்கே நாணலுக்கு அப்பால் ஒரு பரிசல் சுழன்று வந்தது. அதில் ஒரே ஆள். தலையில் துணி சுற்றி, அதில் ரத்தக்கறை. யாருடையதோ நீளமான வேட்டி. நெடுந்தூரம் அடித்துக்கொண்டு போய்க் கரையேறி, மேலே நடந்து, பரிசல் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

பரிசலை மரத்தோடு பிடித்துக்கொண்டு அவர் இறங்குவதற்குள் மாமா தொடங்கிவிட்டார். குச்சியை அவர் மார்புக்கு நேரே நீட்டி, இதை எங்கே நட்டாய், குழந்தைகளை வைத்துக்கொண்டு உனக்குத் தூக்கம் ஒரு கேடா என்று கேட்டார்.  குச்சியைப் பரிசல்காரர் கையில் வாங்கினார். திருப்பிப் பார்த்தார். நுனியில் கட்டை விரலை வைத்துத் தேய்த்தார். விரலில் கரி ஒட்டியது. அவர் அந்தக் குச்சியை எந்த நெருப்பிலும் வைத்ததில்லை.

விரலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். என் முகத்தை இல்லை. அப்பாவின் மார்பில் தொங்கிக்கொண்டிருந்த பாவாடையின் கீழ்க்கரையை, அதில் கருகியிருந்த ஓரணா அளவு ஓட்டையை.

குச்சியை ஆற்றில் போட்டார். அது வேகமாகப் போயிற்று. மாமாவிடம், என் தப்புத்தாங்க என்றார். கையை நீட்டி என்னை அப்பாவின் தோளிலிருந்து இறக்கி, தண்ணீர் படாமல் தூக்கிப் பரிசலுக்குள் வைத்தார். அப்போது எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்:

"பாவாடை காஞ்சிருச்சா பாப்பா?"